திண்ணை, இடைகழி, கதவு: தமிழ் இலக்கியத்தில் இடைநிலை வெளிகளும் நுழைவுரிமையும்

முன்னுரை

தெருவிலிருந்து ஒரு வீட்டுக்குள் வருபவர் ஒரே அடியில் உள்ளே வந்துவிடுவதில்லை. படி, திண்ணை, நிலை, இடைகழி, தாழ்வாரம் என ஒவ்வொன்றாகக் கடந்த பின்னரே கூடத்தை அடைகிறார். வெளியும் அல்லாது உள்ளும் அல்லாது இடையில் அமைந்த இப்பகுதிகளைக் கட்டடக்கலையும் உள்ளக வடிவமைப்பும் இடைநிலை வெளிகள் எனக் குறிக்கின்றன. தமிழ் இலக்கியத் திறனாய்வில் இவற்றுக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை. திண்ணை பேசப்படும்போதெல்லாம் அது தமிழர் விருந்தோம்பலின் சின்னமாகப் போற்றப்படுகிறது. அல்லது மறைந்துபோன ஒரு வாழ்க்கை முறையின் நினைவாக இரங்கப்படுகிறது. இலக்கியப் பனுவல்கள் தரும் சான்று இவ்விரு நோக்குகளுக்கும் முழுமையாக இசைந்து வருவதில்லை. யார் நுழையலாம், எதுவரை நுழையலாம், அதைத் தீர்மானிப்பவர் யார் என்னும் வினாக்கள் எழும் இடமாகவே பனுவல்கள் இவ்வெளிகளைப் படைத்துள்ளன. சங்கப் பாடல்கள் சில, முதல் திருவந்தாதி, தற்காலப் புனைகதைகள் மூன்று ஆகியவற்றின் வழி இதனை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இடைநிலை வெளியின் பயன்

இடைநிலை வெளிகளுக்கு முதற்கண் உடல் சார்ந்த பயன் உண்டு. கடும் வெயிலிலிருந்து வருபவரின் கண், நிழல் படிந்த திண்ணையிலும் அரையிருள் கொண்ட இடைகழியிலும் சிறுசிறிதாகப் பழகியே உள்ளிருட்டை ஏற்கிறது. தாழ்ந்து இறங்கிய கூரை சுவரின் மீது வெயில் நேராக விழுவதைத் தடுக்கிறது. வெந்த காற்று முற்றத்தின் வழியே மேலெழ, தெருவாசலும் கொல்லைவாசலும் நேர்கோட்டில் அமைந்த வீட்டில் குளிர்ந்த காற்று ஊடே ஓடுகிறது. செருப்பைக் கழற்றவும் காலைக் கழுவவும் சுமையை இறக்கவும் இடம் கிடைக்கிறது.

இரண்டாவது பயன் சமூகம் சார்ந்தது. அயலாரை வீட்டுக்குள் விடாமலும் தெருவில் நிறுத்தாமலும் எதிர்கொள்ளத் திண்ணை உதவுகிறது. இவ்வமைப்பு தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. கன்னட நாட்டு ஜகலியும் தெலுங்கு நாட்டு அருகும் குஜராத்தின் ஓட்லோவும் இதே தேவைக்கு எழுந்தவையே. சடங்குகளைப் பற்றி 1909ஆம் ஆண்டு நூல் வெளியிட்ட வான் ஜெனப், ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்கு மாறும் மனிதரின் இடைநிலையை விளக்க வாயிற்படியையே உருவகமாகக் கொண்டார். ஆம்ஸ்டர்டாம் நகரில் 1960ஆம் ஆண்டு நிறைவுற்ற சிறார் இல்லத்தை வடிவமைத்த ஆல்டோ வான் ஐக், உள்ளும் புறமும் சந்திக்கும் இடத்தையே தம் கட்டடச் சிந்தனையின் மையமாகக் கொண்டார். இக்கருத்துகள் பயனுடையவை எனினும், தமிழ்ப் பனுவல்களை இவற்றின் துணைகொண்டு மட்டும் அளப்பது போதாது. தமிழ் இலக்கண மரபிலேயே இதற்கான கருவிகள் உள்ளன.

சொல்லும் இலக்கணமும்

அகம் என்னும் சொல் தமிழில் உள்ளிடத்தையும் மனத்தையும் வீட்டையும் ஒருசேரக் குறிக்கிறது. புறம் என்பது வெளியையும் முற்றத்துக்கு அப்பாற்பட்ட உலகையும் குறிக்கிறது. ஏ. கே. இராமானுஜன் 1967ஆம் ஆண்டு வெளியிட்ட குறுந்தொகை மொழிபெயர்ப்பு நூலுக்கு அக நிலக்காட்சி என்னும் பொருளில் பெயரிட்டமை இச்சொல்லின் விரிவை உணர்ந்தே எனலாம். ஆயின் அகம், புறம் என்னும் இருமையை வற்புறுத்தும் ஆய்வுகள் இவற்றுக்கு இடையிலுள்ள பகுதியைப் பெரும்பாலும் கடந்து சென்றுவிடுகின்றன.

முன்றில் என்னும் சொல் இங்கு நோக்கத்தக்கது. முன் என்னும் சொல்லின் முன்னர் இல் என்னும் சொல் வந்து புணரும்போது இடையே றகரம் தோன்றும் எனத் தொல்காப்பிய எழுத்ததிகாரம் தனி விதியே கூறுகிறது. பிற்கால இலக்கணிகள் இல்முன் என்பது முன்றில் என நிலைமாறி வருவதை இலக்கணப் போலிக்கு எடுத்துக்காட்டாகத் தந்தனர். வீட்டின் முன்னிடத்தைக் குறிக்கும் சொல்லே முன்பின்னாக இடம் மாறி நிற்கும் சொல்லாகவும் அதனைத் தழுவத் தனி விதி தேவைப்படும் சொல்லாகவும் அமைந்துள்ளது.

பொருள்கோள் வகைகளுள் தாப்பிசையும் இவ்விடத்து நினைக்கத்தக்கது. செய்யுளின் இடையில் நிற்கும் சொல் ஊசல்போல முன்னும் பின்னும் சென்று பொருள் தருவது தாப்பிசை. இதற்கு நிகராக வடமொழியாளர் தேகளீ தீப நியாயம் என்பர். நிலைப்படியில் வைத்த விளக்கு உள்ளும் புறமும் ஒளி தருதலே அதன் உவமை. இடையில் நிற்பது இருபுறத்தையும் பொருளுடையதாக்குகிறது என்பதே இரண்டும் உணர்த்தும் கருத்தாகும். கதைக்கும் கவிதைக்கும் இடைநிலை வெளி செய்யும் பணியும் இதுவே. நிலைப்படியில் ஒருவர் நிற்கும் கணத்தில்தான் உள்ளே இருப்பவர் யார், வெளியே நிறுத்தப்பட்டவர் யார் என்பது தெளிவாகப் புலப்படுகிறது.

சங்கப் பாடல்களில் வாயில்

திண்ணையும் இடைகழியும் சங்க காலத்திலேயே வழக்கில் இருந்த சொற்களாகும். காவிரிப்பூம்பட்டினத்து மாடங்களைக் கூறும் பட்டினப்பாலை நெடிய படி, திண்ணை, வாயில், இடைகழி என வரிசைப்படுத்திப் பின்னரே உயர்ந்த மாடத்தைச் சுட்டுகிறது. தெருவில் நிற்பவரின் கண் எந்த வரிசையில் மேலேறுமோ அந்த வரிசையிலேயே சொற்களும் அமைந்துள்ளன. தஞ்சை மாவட்ட வீடுகளில் வழங்கும் ரேழி என்னும் சொல் இடைகழியின் திரிபாகவே கருதப்படுகிறது. ஈராயிரம் ஆண்டு நெருங்கிய தொடர்ச்சி இச்சொல்லுக்கு உண்டு.

நக்கீரரின் நெடுநல்வாடை இதனினும் நுட்பமானது. மனைநூல் அறிந்தோர் கயிறு பிடித்து அளந்து அமைத்த அரண்மனையை அது வாயிலிலிருந்து உள்நோக்கி விவரிக்கிறது. குன்றைக் குடைந்தாற்போன்ற உயர்ந்த வாயில், மணல் பரப்பிய முற்றம், காவல் மிகுந்த உள்மனை, தந்தத்தால் ஆகிய கட்டில் என ஒவ்வோர் அடுக்காகக் கடந்து தனித்திருக்கும் அரசியிடம் பாடல் சென்று சேர்கிறது. அரசனைத் தவிர ஆடவர் எவரும் அணுக இயலாத இடம் அது என்கிறது பாடல். நுழைய உரிமையுள்ள அந்த ஒருவனோ பாசறையில் இருக்கிறான். வழிநெடுகக் காணும் வாயில்கள் அனைத்தும் வாராத ஒருவனுக்காகவே காக்கப்படுகின்றன என்பது பாடலின் இறுதியில்தான் விளங்குகிறது. கட்டடத்தின் பெருமையைக் கூறுவதுபோல் தொடங்கிய வருணனை தனிமையின் அளவாக மாறிவிடுகிறது. நெடுநல்வாடையின் மனை வருணனையைக் கட்டடக்கலைச் சான்றாக மட்டும் எடுத்தாளும் ஆய்வுகள் தவறவிடுவது இதனையே.

குறுந்தொகை 118ஆம் பாடலில் நன்னாகையார் இதே உணர்வை மிகச் சில அடிகளில் அமைத்துள்ளார். பறவையும் விலங்கும் தனித்து அடங்கும் மாலையில், பலர் புகும் வாயிலை அடைக்க வந்தோர், உள்ளே வரவேண்டியவர் எவரேனும் உளரோ எனக் கேட்கின்றனர். இது விருந்தோம்பல் மரபு சார்ந்த வினாவாகும். இருட்டில் ஒருவரும் வெளியே நின்றுவிடலாகாது என்னும் அக்கறையே அவ்வினாவை எழுப்புகிறது. தலைவியின் செவியில் விழும்போது அதே வினா வேறு பொருள் பெறுகிறது. எல்லோருக்கும் திறந்த வாயிலில் அவள் எதிர்நோக்கும் ஒருவர் மட்டும் இல்லை. விருந்தை வரவேற்கும் சொல் பிரிவைச் சுட்டும் சொல்லாகவும் நிற்கிறது. இடையில் நிற்கும் வாயில் இருபுறமும் பொருள் தருவதற்கு இதனினும் சிறந்த சான்று அரிது.

புறத்திணைப் பாடல்கள் அடையாத வாயிலைப் பெரிதும் போற்றுகின்றன. எனினும் அப்போற்றுதலைக் கூர்ந்து நோக்க வேண்டும். நல்லியக்கோடனின் வாயில் பொருநர்க்கும் புலவர்க்கும் அந்தணர்க்கும் அடைக்கப்படாதது எனச் சிறுபாணாற்றுப்படை கூறுகிறது. யாருக்கு அடைக்கப்படாதது எனப் பெயர் சுட்டிச் சொல்ல நேர்ந்ததிலேயே அப்பெயர்களுள் அடங்காதோர் இருந்தனர் என்பது குறிப்பாகப் பெறப்படுகிறது. புறநானூறு 206இல் அதியமானின் வாயிலில் காத்திருக்க நேர்ந்த ஔவையார், வாயிற்காவலனை விளித்துத் தம் சினத்தைப் புலப்படுத்துகிறார். பரிசிலர்க்கு அடையாத வாயில் என அதனை அவர் குறிக்கும் அதே இடத்தில் அவ்வாயிலுக்குக் காவலன் ஒருவன் இருக்கிறான்; பாடியவரும் வெளியே நிற்கிறார். தம் புலமையால் எத்திசைச் சென்றாலும் சோறு உண்டு எனக் கூறிப் புறப்பட ஔவையாரால் இயன்றது. புலமை இல்லாதவர் அவ்வாயிலில் என்ன கூறியிருப்பார் என்பதற்குச் சங்கத் தொகையில் விடை எளிதில் கிடைப்பதில்லை.

திருக்கோவலூர் இடைகழி

வாயிலைக் காவலின் இடமாகக் காட்டும் இம்மரபுக்கு எதிர்நிலையில் நிற்பது திருக்கோவலூர் இடைகழியாகும். மழையும் இருளும் சூழ்ந்த இரவில் பொய்கையாழ்வார் அங்கிருந்த ஓர் இடைகழியில் ஒதுங்கினார். அடுத்துப் பூதத்தாழ்வாரும் அவரை அடுத்துப் பேயாழ்வாரும் வந்தனர். ஒருவர் கிடக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்னும் கணக்கில் மூவரும் நின்றனர். நான்காமவர் ஒருவர் புகுந்து நெருக்குவதை உணர்ந்து அவர் யார் எனக் காண முற்பட்டபோது முதல் மூன்று அந்தாதிகள் பிறந்தன என்பது வைணவ குருபரம்பரை தரும் செய்தி.

வரலாற்றுச் செய்தியாக இதனைக் கொள்வதா, அடியார் மரபின் புனைவாகக் கொள்வதா என்பது வேறு வினா. பனுவலுக்குள்ளேயே இதற்கான வித்து இருப்பது இங்கு முதன்மையானது. முதல் திருவந்தாதியின் 86ஆம் பாசுரத்தில் பொய்கையாழ்வார், திருமகளோடு நிற்கும் இறைவன் வாசலைக் கடந்து வெளியே போகாமலும் உள்ளே புகாமலும் கோவலூரின் இடைகழியையே பற்றி நிற்பதாகப் பாடுகிறார். ஆழ்வார் மூவரின் சந்திப்பைப் பாசுரம் நேராகக் கூறவில்லை. மரபே அதனை விரித்துரைத்தது. பிற்காலத்தில் வேதாந்த தேசிகர் இத்தலத்து இறைவனைப் பாடிய வடமொழித் துதிக்குத் தேஹளீச ஸ்துதி எனப் பெயர் அமைந்தது. இடைகழியின் தலைவன் என்பதே அப்பெயரின் பொருள்.

இங்கு மூன்று செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, உலகளந்த பெருமாள் கோயில் கொண்ட தலம் இது. மூவுலகையும் ஈரடியால் அளந்தவன் ஒருவர் படுக்கப் போதுமான இடத்தில் நெருங்கி நிற்கிறான். இரண்டாவது, முன்னரே அங்கிருந்தவர் பின்னர் வந்தவரை வெளியேற்றவில்லை. படுத்திருந்தவர் எழுந்து அமர்ந்தார்; அமர்ந்திருந்தவர் எழுந்து நின்றார். வருபவரின் குலமும் ஊரும் வினவப்பட்டதாக மரபு கூறுவதில்லை. மூன்றாவது, இடைகழியில் இருந்தவர்களுள் எவரும் உள்ளே செல்ல முயலவில்லை. உள்ளிடத்துக்குச் செல்லும் வழியாகக் கருதப்படும் இடம் இங்கு அடைய வேண்டிய இடமாகவே ஆகிவிட்டது.

ஏற்கெனவே இருப்பவர் தம் இடத்தைச் சுருக்கிக்கொள்வதே வருபவருக்குத் தரும் வரவேற்பு என்னும் அளவுகோலை இத்தொன்மம் தருகிறது. விருந்தோம்பலைப் பற்றிய பிற விளக்கங்களில் அழைப்பவர் தம் இடத்தை இழப்பதில்லை. கொடுக்கும் உயரத்திலிருந்தே அவர் கொடுக்கிறார். திருக்கோவலூர் இடைகழியில் கொடுப்பவர், பெறுபவர் என்னும் வேறுபாடு மழையிலும் இருளிலும் மறைந்துவிடுகிறது. தற்காலப் புனைகதைகள் காட்டும் வாசல்களை இவ்வளவுகோல் கொண்டு அளந்து காணலாம்.

திண்ணைப் பெருமிதமும் அதன் எல்லையும்

திண்ணை கல்வியின் இடமாக இருந்ததை மறுக்க இயலாது. உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திண்ணைப் பள்ளிக் கல்வியை விரிவாகப் பதிவுசெய்துள்ளது. வழிப்போக்கர் தங்கியதும் ஊர் வழக்குகள் பேசப்பட்டதும் கதைகள் படிக்கப்பட்டதும் திண்ணையிலேயே. ஆயினும் எல்லோரும் எல்லாத் திண்ணையிலும் அமர்ந்ததில்லை. சாதியின் வரிசைக்கேற்பச் சிலர் உள்ளே வந்தனர். சிலர் திண்ணையில் அமர்ந்தனர். சிலர் தெருவில் நின்றனர். சிலருக்கு அத்தெருவே மறுக்கப்பட்டது. பகற்பொழுதில் திண்ணை பெரும்பாலும் ஆடவருக்கு உரியதாக இருக்க, பெண்கள் இடைகழிக் கதவின் பின்னின்று தெருவைக் கண்டனர். மாதவிலக்கு நாள்களில் அவர்களுக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு புறம் ஒதுக்கப்பட்டது. ஒரே கட்டட அமைப்பு ஒருவருக்கு ஓய்விடமாகவும் மற்றொருவருக்கு எல்லைக்கோடாகவும் இருந்துள்ளது.

சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தக்ஷிணசித்ராவில் தென்னாட்டு மரபு வீடுகள் பெயர்த்தெடுத்து வந்து மீண்டும் கட்டப்பட்டுள்ளன. மரமும் ஓடும் தூணும் அங்கே காக்கப்படுவது போற்றத்தக்க பணியாகும். எனினும் நுழைவுச்சீட்டுப் பெற்ற எவரும் இன்று அத்திண்ணைகளில் அமரலாம். அவ்வீடுகள் எழுந்த காலத்தில் அங்கு அமர இயலாதவர் யார் என்பதைத் தூணும் ஓடும் தாமாகச் சொல்லா. அதனைச் சொல்லும் பொறுப்பு இலக்கியத்தினுடையது.

இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) அப்பொறுப்பை ஏற்ற நாவல்களுள் ஒன்று. ஊருக்குப் புறத்தே ஒதுக்கப்பட்ட காலனி மக்களுக்குத் துணி வெளுக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவள் ஆரோக்கியம். பிறப்பு, இறப்புச் சடங்குகளிலும் களத்துமேட்டிலும் அவளுக்கும் அவள் கணவன் சவுரிக்கும் வேலை உண்டு. அவ்வேலைக்குக் கூலியாகத் தானியமும் இரவில் வீடுவீடாகச் சென்று வாங்கும் சோறும் கிடைக்கின்றன. அச்சோற்றுக்காக அவள் ஒவ்வொரு வாசலிலும் நின்று குரல் கொடுக்கிறாள்.

இங்கு காணப்படும் வாசல்களுள் எதுவும் மாட மாளிகையின் வாயில் அன்று. தாமே ஊருக்குள் நுழைய உரிமை மறுக்கப்பட்ட மக்களின் வாசல்கள் அவை. அவ்வாசல்களிலும் ஒருத்தி நிற்க வேண்டியுள்ளது என்பதே நாவல் முன்வைக்கும் கடிய உண்மை. திண்ணை இல்லாத குடிசையிலும் திண்ணையின் வேலை நடந்துவிடுகிறது. எனவே விலக்குதல் ஒரு கட்டட உறுப்பின் இயல்பன்று. இடைவெளியை ஆளும் உரிமை யாரிடம் உள்ளது என்பதைச் சார்ந்ததாகும்.

ஆரோக்கியம் வாசலில் நிற்பதைத் தன் உரிமையாகவும் கருதுகிறாள் என்பது நாவலின் சிக்கலான பகுதி. அவளைப் பொறுத்தவரை சோறு கேட்டல் இரத்தல் அன்று. அவள் குடும்பம் செய்த வேலைக்கு மரபு விதித்த ஈடு அது. காலம் மாறி அம்மரபு தளரத் தளர, அவள் பெறும் சோறும் தானியமும் குறைகின்றன. இழிவின் இடமாக இருந்த வாசலையே அவள் இழந்துகொண்டிருக்கிறாள். அதனை இழப்பு என்று கூறலாமா, விடுதலை என்று கூறலாமா என்பதை நாவல் எளிதில் தீர்த்துவைக்கவில்லை. திண்ணை மறைவை எண்ணி இரங்குவோரும் அதன் மறைவைக் கொண்டாடுவோரும் ஒருசேர எதிர்கொள்ள வேண்டிய இடம் இது.

கதவற்ற வீடு

ஆரோக்கியம் நிற்கும் வாசலுக்கு வீட்டார் காவலர். காக்கும் உரிமையே பறிக்கப்பட்ட வீட்டைக் கி. ராஜநாராயணனின் 'கதவு' காட்டுகிறது. வறுமைப்பட்ட ஒரு வீட்டின் கதவே குழந்தைகளுக்கு விளையாட்டு வண்டி. அதில் தொற்றி முன்னும் பின்னும் ஆடி அவர்கள் ஊர் ஊராகப் பயணம் செய்கின்றனர். தீர்வை பாக்கிக்காக அக்கதவு கழற்றி எடுத்துச் செல்லப்படுகிறது. திறந்த வாசலுக்குள் பனியும் குளிரும் புகுகின்றன, கைக்குழந்தை இறக்கிறது. பின்னர் ஒரு நாள் சாவடிக்குப் பின்னால் தங்கள் கதவு கேட்பாரற்றுச் சார்த்தி வைக்கப்பட்டிருப்பதைக் குழந்தைகள் கண்டுகொண்டு அதனைத் தழுவிக்கொள்கின்றனர்.

அடையாத வாயில் புகழுக்குரியது என்னும் மரபை இக்கதை தலைகீழாக்குகிறது. வாயிலைத் திறந்து வைப்பது பெருமையாக வேண்டுமாயின் அதனை அடைக்கும் ஆற்றல் முதலில் இருக்க வேண்டும். கதவில்லாத வீட்டில் திறந்திருத்தல் கொடையாகாது. பொருளாதார நோக்கில் கதவு எளிய பலகை. ஜப்தி செய்தவர்களுக்கும் அதனால் பயன் ஏதும் விளையவில்லை. குடும்பத்துக்கோ அகம் என்னும் ஒன்று இருப்பதற்கான அடிப்படையே அது. அரசின் அதிகாரம் வீட்டுக்குள் நுழையவில்லை. உள்ளுக்கும் வெளிக்கும் இடையிலுள்ள பொருளை மட்டும் எடுத்துச் செல்கிறது. வீடு வீடாக இருத்தல் அதனோடு முடிந்துவிடுகிறது. இறந்த குழந்தையைப் பற்றிக் கதை நீண்டு புலம்பாமல், குழந்தைகளின் கை கதவைத் தடவுவதில் முடிவது இதனால் பொருத்தமாகிறது.

விரிக்கப்படாத தாழ்வாரம்

இதுவரை கண்டவை வெளியிலிருந்து உள்ளே வருவோரைப் பற்றியன. உள்ளே இருப்பவர் வெளியைக் காண விரும்புதலைப் பற்றியது அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை'. இதே தலைப்பில் 1988ஆம் ஆண்டு வெளிவந்த தொகுதியில் இக்கதை இடம்பெற்றுள்ளது. கதை நிகழும் வீடு ராஜஸ்தானத்து அஜ்மீரில் உள்ளது. திட்டம் ஏதுமின்றி அறை அறையாக நீண்ட அவ்வீட்டின் கோடியில் இருண்ட சமையலறை. அதன் சன்னலுக்கு வெளியே பச்சை மலைகள். தென்னாட்டிலிருந்து மருமகளாக வந்த மீனாட்சி, சமையலறையை ஒட்டிய தாழ்வாரத்தை அகலப்படுத்தினால் அங்கு அமரலாம், பிற வேலைகளுக்கும் வசதியாகும் என மாமனாரிடம் கூறுகிறாள். அது ஏற்கப்படுவதில்லை. சில நாள்களில் அத்தாழ்வாரத்தில் துணி உலர்த்தும் கயிறுகள் கட்டப்படுகின்றன. மலை துணிகளுக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது.

மீனாட்சி கேட்டது மிகச் சிறியது. சமையலறையிலிருந்து விடுதலையையோ வீட்டின் தலைமையையோ அவள் கேட்கவில்லை. அடுப்புக்கும் மலைக்கும் இடையில் நாற்காலி போடும் அளவு இடம் கேட்டாள். இச்சிறு வேண்டுகோள் வீட்டின் அதிகார அமைப்பு முழுவதையும் அசைத்துவிடுகிறது. உள்ளக வடிவமைப்பு நூல்கள் சமையலறையை ஒட்டிய தாழ்வாரத்தை வெளிச்சம், காற்றோட்டம், பணி வசதி என்னும் நோக்கில் பரிந்துரைக்கும். அந்த நூல்களைப் படித்த பொறியாளர் ஒருவர் அவ்வீட்டுக்கு வந்திருந்தாலும் தாழ்வாரம் அகன்றிருக்கும் எனக் கூற இயலாது. வேலை முடிந்த பெண் அமர்ந்து மலையைப் பார்ப்பதற்கென ஓர் இடம் தேவை என்பதை அவ்வீட்டார் முதலில் ஏற்றிருக்க வேண்டும்.

மறுப்பு நிகழும் முறையும் கவனத்துக்குரியது. எவரும் சுவர் எழுப்பவில்லை. மலையைப் பார்க்கலாகாது எனத் தடை விதிக்கவில்லை. ஈரத்துணி உலர வேண்டும் என்னும் அன்றாடத் தேவையே போதுமானதாகிறது. அத்துணிகளைத் துவைத்து உலர்த்துவோரும் அவ்வீட்டுப் பெண்களாகவே இருத்தல் கதையின் கூர்மையை மிகுவிக்கிறது. கதை தமிழகத்துக்கு வெளியே, வேற்றுமொழி பேசும் வீட்டில் நிகழ்வதால் இதனைத் தமிழ்ப் பண்பாட்டின் குறையாகவோ வடநாட்டுப் பண்பாட்டின் குறையாகவோ ஒதுக்கிவிட இயலவில்லை. அயல் வீட்டுக்கு வந்த கண் அவ்வீட்டின் இடைவெளியில் ஒரு வாய்ப்பைக் கண்டது. அவ்வீடோ அதனைக் காண மறுத்தது.

இன்றைய அடுக்ககமும் பழைய வினாவும்

நகர நிலத்தின் விலை பெருகியபோது முதலில் குறைக்கப்பட்டவை இடைநிலை வெளிகளே. அடுக்கக வீட்டின் கதவைத் திறந்தால் நேரே கூடம். சில வீடுகளில் காலணி வைக்கும் சிறு பலகையே முன்றில். திண்ணையைத் திரும்பக் கொணரும் வீடுகளும் கட்டப்படுகின்றன. ஆயினும் அவ்வீடுகளுள் பல, சுற்றுச்சுவரும் காவலர் அறையும் கொண்ட குடியிருப்புகளுக்குள் அமைகின்றன. தெருவில் செல்பவர் அமர இயலாத திண்ணை அது. பணிப்பெண்ணுக்கும் பொருள் கொண்டு வருவோருக்கும் தனி மின்தூக்கி ஒதுக்கும் குடியிருப்புகளில், திண்ணையும் கொல்லைவாசலும் முன்னர்ச் செய்த பிரிவினையை மின்தூக்கி செய்கிறது. கட்டட உறுப்பு மறைந்தாலும் அதன் வினை மறையவில்லை என்பதைக் 'கோவேறு கழுதைகள்' முன்னரே உணர்த்திவிட்டது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. தமிழ் இலக்கியத்தில் திண்ணை, இடைகழி, வாயில், தாழ்வாரம் ஆகியவை நிகழ்ச்சிகளுக்குப் பின்புலமாக மட்டும் நிற்கவில்லை. மனிதருக்கு இடையிலான உறவு அளக்கப்படும் இடங்களாக உள்ளன. நெடுநல்வாடையும் குறுந்தொகைப் பாடலும் வாயிலைப் பிரிவின் இடமாக்கின. சிறுபாணாற்றுப்படையும் ஔவையார் பாடலும் அடையா வாயிலுக்கும் எல்லை உண்டு எனக் காட்டின. இமையத்தின் நாவல் விலக்கப்பட்டோரின் வாசலிலும் விலக்கு இருப்பதை உணர்த்தியது. கி. ராஜநாராயணனின் கதை அடைக்கும் உரிமையும் ஓர் உரிமையே என்றது. அம்பையின் கதை உள்ளிருப்போருக்கு வெளி மறுக்கப்படுவதைப் பதிவுசெய்தது.

எனவே திண்ணையை விருந்தோம்பலின் சின்னமாகப் போற்றும் திறனாய்வு, அத்திண்ணையில் அமர்ந்தவரின் சான்றை மட்டும் கேட்டு எழுதப்பட்டது எனலாம். தெருவில் நின்றவரின் சான்றும் கதவின் பின் நின்றவளின் சான்றும் பனுவல்களில் உள்ளன. அவற்றையும் சேர்த்துப் படிக்கும்போது திண்ணையின் பெருமை குறைந்துவிடுவதில்லை; அதன் கணக்கு நேராகிறது. போற்றத்தக்க முன்மாதிரி வேண்டுமெனில் அதுவும் இம்மரபுக்குள்ளேயே கிடைக்கிறது. மழை பெய்த இரவில் பின்னர் வந்தவருக்காக, படுத்திருந்தவர் எழுந்து அமர்ந்தார். அமர்ந்திருந்தவர் எழுந்து நின்றார்.